மாமியார்கிட்ட இருக்கிற பிள்ளையை சட்டப்படி திரும்ப வாங்க முடியுமா?

வீட்டுக்காரர் தவறினதுக்கப்புறம் பையனை மாமியார்கிட்ட விட்டுட்டு வெளியூர் வேலைக்குப் போனீங்க, இடையில அவங்க கோர்ட்ல கார்டியன் ஆர்டர் வாங்கிட்டாங்க, இப்ப கேட்டா தர மாட்டேங்கிறாங்க, என்ன பண்றதுன்னு கேட்டிருக்கீங்க. வாங்க முடியும் தங்கச்சி. என் மகளை நான் அப்படித்தான் வாங்கினேன், எங்க ஊரு தேவகோட்டைப் பக்கம், கேஸ் நடந்தது சிவகங்கையில. படிச்சதும் உடனே எழுதணும்னு தோணுச்சு, ஏன்னா இந்த நிலைமையில ஒரு பொம்பளைக்கு ராத்திரி தூக்கம் வராதுன்னு எனக்குத் தெரியும்.

முதல்ல அந்த ஆர்டரோட சர்டிபைடு காப்பி, அதாவது கோர்ட்டு சீல் போட்ட நகல், வாங்குங்க. சொந்தக்காரங்க சொல்றதை நம்பி எதையும் முடிவு பண்ணாதீங்க. பிள்ளைக்கு கார்டியனா, சொத்துக்கு கார்டியனா, ரெண்டுக்குமான்னு அதுலதான் இருக்கும். எங்க வீட்டுல இன்சூரன்ஸ் பணமும் பூர்வீகப் பெரிய வீட்டுல என் வீட்டுக்காரரோட பங்கும் மைனர் பேர்ல வரணும்னு சொல்லித்தான் எங்க அயித்தை, அதாவது என் மாமியார், மனுவே போட்டாங்க, நோட்டீஸ் என் பழைய அட்ரஸுக்குப் போயிருக்கு, நான் கோயம்புத்தூர்ல இருந்தேன், நான் ஆஜராகாததால என் தரப்பைக் கேக்காமலே எக்ஸ்பார்ட்டியா ஆர்டர் ஆயிடுச்சு. உங்களுக்கும் அப்படி ஆயிருந்தா, விஷயம் தெரிஞ்ச 30 நாளுக்குள்ள அதை ரத்து பண்ணச் சொல்லி மனு போடணும், நாள் தாண்டியிருந்தா தாமதத்தை மன்னிக்கச் சொல்லி இன்னொரு மனுவும் சேர்த்துப் போடணும். இதுல ஒரு நாள் கூட தள்ளிப் போடாதீங்க.

இன்னொண்ணு, நம்ம பக்கம் பிள்ளை கூட்டுற, அதாவது தத்து எடுக்கிற வழக்கம் உண்டு இல்லையா, அதனால கேக்குறேன், எப்பவாச்சும் சுவீகாரப் பத்திரம்னு எதுலயாவது கையெழுத்துப் போட்டீங்களா? முறைப்படி நடந்த சுவீகாரத்தை ரத்து பண்ண முடியாது, 1956 இந்து தத்தெடுப்புச் சட்டத்துல அப்படித்தான் இருக்கு, அப்ப கேஸோட பாதையே வேற. சும்மா ஸ்டாம்ப் பேப்பர்ல "பிள்ளையை வளர்க்க விடுறேன்"னு எழுதிக் குடுத்திருந்தா பயப்படாதீங்க, அதை வச்சு தாயோட உரிமை போயிடாது.

இந்துக்களுக்கான 1956 கார்டியன்ஷிப் சட்டப்படி அப்பா இல்லாதப்போ அம்மாதான் இயற்கை கார்டியன். அப்பத்தா, ஆயா, ஐயான்னு தாத்தா பாட்டி யாரும் அந்த லிஸ்ட்லயே இல்ல. இதைக் கேட்டதும் நம்ம பக்கம் ஜெயிச்சாச்சுன்னு தோணும், ஆனா அதே சட்டத்தோட 13-வது பிரிவு பிள்ளையோட நலன்தான் எல்லாத்துக்கும் மேலன்னு சொல்லுது. 2010-ல சுப்ரீம் கோர்ட் ஒரு கேஸ்ல, அப்பா உயிரோட இருந்தும், அம்மா இல்லாத பையனை அம்மாவோட அப்பாகிட்டயே விட்டுச்சு. 2019-ல இன்னொரு கேஸ்ல, அம்மா கேன்சர்ல இறந்து பெரியம்மா சித்திகிட்ட வளர்ந்த பிள்ளையை அப்பாகிட்ட குடுக்கச் சொல்லுச்சு. அதனால "நான் பெத்தவ"ங்கிறதை மட்டும் கையில வச்சுக்கிட்டு கோர்ட்டுக்குப் போகாதீங்க. அதே சமயம் ஆர்டர் ஆயிடுச்சே, எல்லாம் முடிஞ்சதுன்னும் நினைக்காதீங்க. சென்னையில இருந்து சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போன ரோஸி ஜேக்கப் வழக்குல 1973-லயே சொல்லிட்டாங்க, பிள்ளை கஸ்டடி ஆர்டர் எதுவும் நிரந்தரம் இல்ல, நிலைமை மாறினா மாத்தலாம்னு. உங்க நிலைமை மாறியிருக்குன்னு காட்டுறதுதான் உங்க வேலை.

மனு எங்க போடணும்? பிள்ளை வழக்கமா எங்க இருக்கோ அந்த ஊர் கோர்ட்லதான், நீங்க இருக்கிற ஊர்ல இல்ல. காரைக்குடி, தேவகோட்டை எல்லாம் சிவகங்கை மாவட்டம், உங்க ஊரு திருமயம் பொன்னமராவதிப் பக்கம்னா புதுக்கோட்டை. 1890 கார்டியன்ஸ் அண்ட் வார்ட்ஸ் சட்டப்படி போடுவாங்க, எதை ரத்து கேக்குறது எதைப் புதுசா கேக்குறதுன்னு வக்கீல் பார்த்துப்பாரு. பணம் இல்லன்னு நின்னுடாதீங்க, பொம்பளைங்களுக்கு வருமானம் எவ்வளவுன்னு பார்க்காம இலவச சட்ட உதவி உண்டு, கோர்ட்டு வளாகத்துலயே ஆபீஸ் இருக்கும், 15100-க்கும் போன் பண்ணலாம்.

மெயின் மனுவோடவே, கேஸ் முடியிற வரைக்கும் பிள்ளையைப் பார்க்க, லீவுல கூட வச்சுக்க ஒரு ஐ.ஏ., அதாவது இடைக்கால மனு, போடச் சொல்லுங்க. எனக்குத் தெரிஞ்சு இந்தக் கேஸோட உயிரே இதுலதான் இருக்கு. வாய்தா மேல வாய்தா போகும், அதுக்குள்ள பிள்ளை உங்களை மறந்துட்டா கடைசியில ஜட்ஜ் சேம்பர்ல கூப்பிட்டு "யாருகிட்ட இருக்கப் போற"ன்னு கேக்குறப்ப அது என்ன சொல்லும்? கொஞ்சம் விவரம் தெரிஞ்ச பிள்ளைன்னா பெரும்பாலும் கேப்பாங்க. அதனால பார்க்குறதுக்குக் குடுத்த ஒரு நாளையும் விடாதீங்க, லேட்டாவும் போகாதீங்க. பார்க்குறப்ப கேஸைப் பத்தி ஒரு வார்த்தை பேசாதீங்க, அப்பத்தாவைப் பத்தி தப்பா ஒரு வார்த்தை வேணவே வேணாம். அந்தப் பிள்ளைக்கு அப்பா இல்ல, அப்பாவைப் பெத்தவங்க மேல அதுக்கு இருக்கிற பாசத்தை நாம வெட்டினா அது யாருக்கும் நல்லதில்ல. என் மக அப்பத்தா மடியில தூங்கிப் பழகினவ, வீட்டு முற்றத்துல அவங்க பின்னாடியே சுத்துவா, அந்தம்மாவும் மகனைப் பறிகுடுத்துட்டு இவ முகத்துலதான் அவரைப் பார்த்தாங்க. எனக்கு அவங்க மேல எவ்வளவோ கோவம் இருந்துச்சு, ஆனா அந்த வலி பொய்யில்ல. இதை மனசார புரிஞ்சுக்கிட்டுத்தான் எங்க வக்கீலம்மாகிட்ட, அவங்க கொடுமைப்படுத்தினாங்கன்னு எழுதாதீங்க, நல்லாத்தான் பார்த்துக்கிட்டாங்க, இப்ப நான் பார்த்துக்குற நிலைமையில இருக்கேன்னு எழுதுங்கன்னு சொன்னேன்.

சம்பள ஸ்லிப், வாடகை அக்ரிமென்ட், பக்கத்துல சேர்க்கப்போற ஸ்கூல், நீங்க வேலைக்குப் போற நேரத்துல யாரு பார்த்துப்பாங்க, இது எல்லாத்துக்கும் பேப்பரோட பதில் வச்சிருங்க. இவ்வளவு நாளும் பீஸ் கட்டினது, பணம் அனுப்பினது, எல்லாத்துக்கும் பேங்க் ஸ்டேட்மென்ட் எடுங்க.

பணம் விஷயம் ரொம்ப முக்கியம். "இவ பிள்ளைக்காக வரல, பங்குக்காக வர்றா"ன்னு எதிர் தரப்புல கண்டிப்பா சொல்லுவாங்க. அதுக்கு முன்னாடி நீங்களே மனுவுல, இன்சூரன்ஸ் பணம் பிள்ளை பேர்ல மேஜராகுற வரைக்கும் பேங்க்ல டெபாசிட்டா இருக்கட்டும், எனக்கு அதுல ஒரு ரூபா வேணாம்னு சொல்லிடுங்க. வீட்டுப் பங்கை கோர்ட்டு அனுமதி இல்லாம அம்மாவால விக்கவும் முடியாது, சட்டமே அப்படித்தான், அதையும் அவங்களுக்குப் புரியிற மாதிரி யாரையாவது எடுத்துச் சொல்லச் சொல்லுங்க. எங்க அயித்தையோட பயத்துல பாதி இதைக் கேட்டதும்தான் குறைஞ்சுச்சு.

ஆத்திரத்துல ஸ்கூல் வாசல்ல இருந்து பிள்ளையைத் தூக்கிட்டு வந்துடலாம்னு சொந்தக்காரங்க சொல்லுவாங்க. தயவு செஞ்சு செய்யாதீங்க, கோர்ட்டு ஆர்டர் அவங்க கையில இருக்குறப்ப அது உங்க கேஸையே கெடுத்துடும், பிள்ளையும் மிரண்டு போயிடும்.

கோர்ட்டு மீடியேஷனுக்கு, அதாவது சமரசப் பேச்சுக்கு, அனுப்பினா முழு மனசோட உக்காருங்க. பங்காளிங்க, அம்மான் வீட்டுக்காரங்க எல்லாம் கூடி வீட்டுல பேசுறதும் நல்லதுதான், ஆனா பேசி முடிச்சதை ரெண்டு தரப்பும் கையெழுத்துப் போட்ட ஜாயிண்ட் மெமோவா எழுதி கோர்ட்டுல பதிவு பண்ணாம எழுந்து வராதீங்க, வாய் வார்த்தை நாளைக்கு நிக்காது. எங்களுக்கு அப்படித்தான் முடிஞ்சுச்சு. ஒரேடியா பிரிச்சுக் கூட்டிட்டு வரல, முதல்ல வார லீவு, அப்புறம் பரீட்சை லீவு, அந்தப் படிப்பு வருஷம் முடிஞ்சதும் முழுசா என்கிட்ட. மே லீவுல பாதியும் பொங்கலுக்கும் அப்பத்தா வீட்டுக்குப் போறதுன்னு மெமோலயே எழுதியிருக்கோம், இன்னிக்கு வரைக்கும் அனுப்புறேன். வந்த புதுசுல ராத்திரி அழுவா, அப்ப வீடியோ கால் போட்டு அப்பத்தாகிட்ட பேச விட்டேன், நீங்களும் அதுக்குத் தயங்காதீங்க.

ஆர்டர் வந்ததும் சர்டிபைடு காப்பி ரெண்டு மூணு எடுத்து வச்சுக்குங்க. பழைய ஸ்கூல்ல டிசி வாங்க ஒண்ணு கேப்பாங்க, பேங்க்ல மைனர் அக்கவுண்ட்டுக்கு கார்டியன் பேர் மாத்த ஒண்ணு வேணும், ஆதார்ல அட்ரஸ் மாத்துறதையும் அப்பவே சேர்த்து முடிச்சிடுங்க. மனு போடுறப்ப என்ன சந்தேகம் வந்தாலும் கமெண்ட்ல கேளுங்க, எனக்குத் தெரிஞ்சதைச் சொல்றேன்.