கீழக்கரை பக்கம் ஆட்டுத்தோலை நாமே பதனிட என்னென்ன மெஷின் வேண்டும்? பழைய மெஷின் வாங்கலாமா?

கேட்டவர் சொல்லியிருக்கும் விவரம் இவ்வளவு: கீழக்கரை, பெரியபட்டினம், ஏர்வாடி சுற்றுவட்டாரக் கறிக்கடைத் தோலும், பக்ரீத் சமயத்தில் குவியும் தோலும் வியாபாரி சொன்ன விலைக்குப் போகிறது. நாளைக்கு 200 தோல் கணக்கில் இங்கேயே பதனிட முடியுமா, திண்டுக்கல், வாணியம்பாடி பக்கம் பழைய மெஷின் எடுத்தால் ஓடுமா?

பட்டியலை ஒரே மூச்சில் சொல்லிவிடலாம். ஊறவைக்கவும் முடி நீக்கும் சுண்ணாம்புக்கும் தொட்டி அல்லது பேடில் (துடுப்புச் சக்கரம் சுற்றும் தொட்டி), ஒட்டுச் சதை எடுக்க ஃபிளெஷிங் மெஷின், பதனிட டிரம், பிழிவதற்குச் சாமியிங், கனம் சீராக்க ஷேவிங், சாயத்துக்கும் எண்ணெய்க்கும் இன்னொரு டிரம், சுருக்கம் தேய்க்க செட்டிங், காயவைக்க டாகிள் சட்டம், மிருதுவாக்க ஸ்டேக்கிங், பிறகு உரசிச் சீராக்கப் பஃபிங், பூச்சுக்கு ஸ்ப்ரே, தகட்டால் அழுத்தி மெருகேற்றப் பிளேட்டிங், கடைசியில் சதுர அடி அளக்கும் மெஷின். மாட்டுத்தோல் என்றால் நடுவில் கனத்தைப் பிளக்கும் ஸ்பிளிட்டிங் மெஷின் வரும். ஆட்டுக்கு வேண்டாம். இதில் எதை வாங்கலாம், எதன் பக்கமே போகக்கூடாது என்பதை நம் கரையில் தண்ணீர்தான் தீர்மானிக்கும்.

பச்சைத்தோலிலிருந்து முழுத் தோலாக்க, கிலோவுக்கு 30 முதல் 40 லிட்டர் தண்ணீர் பிடிக்கும். 200 தோல், தோலுக்கு ஒன்றரைக் கிலோ என்றால் 300 கிலோ. தினம் 9,000 முதல் 12,000 லிட்டர், ஏறக்குறைய ஒரு லாரித் தண்ணீர். உள்ளே போனது அத்தனையும் உப்பும் சுண்ணாம்பும் சல்பைடும் கலந்து வெளியே வந்தாக வேண்டும். டேனரி, அதாவது தோல் பதனிடும் ஆலை, மாசு அதிகம் என்று வகுக்கப்பட்ட சிவப்பு வகைத் தொழில். தோல் கழிவுநீருக்கான பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் இருப்பது ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி, திண்டுக்கல், பல்லாவரம் பக்கங்களில். நமக்கு முன்னால் இருப்பதோ 21 தீவுகள் கொண்ட மன்னார் வளைகுடா தேசியப் பூங்கா. கடலோர ஒழுங்குமுறை மண்டலம் வேறு இருக்கிறது. அதனால் என் பதில் இது: சுண்ணாம்பு, குரோம் (தோலைப் பதனிடும் உப்பு) போன்ற ஈரவேலையை இங்கே தொடங்காதீர்கள். ஒன்று, உப்பிடுவதைச் சரியாகச் செய்து முதல்தரத் தோலாக விற்கலாம். அல்லது பதனிட்டுக் காய்ந்த கிரஸ்ட் தோலை வெளியிலிருந்து வாங்கி இங்கே முடிப்பு வேலை செய்யலாம். முடிப்பு வேலைக்கும் மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அனுமதி வேண்டும், ஆனால் கழிவுநீர் மிகக் குறைவு.

விலை அடிபடுவது பெரும்பாலும் உப்பிடும் இடத்தில்தான், அதனால் அதை விரிவாகச் சொல்கிறேன். நம் வெயிலில் உரித்து மூன்று நான்கு மணி நேரத்துக்குள் உப்பு விழ வேண்டும். பக்ரீத் அன்று காலையில் உரித்த தோலைச் சாக்கில் கட்டிச் சாயங்காலம் கொண்டுவந்தால், உள்ளே வெந்ததுபோல் சூடேறி முடி கையோடு வரும். அப்படி முடி வழுக்கும் தோலில் மேல்தோல் ஏற்கெனவே போய்விட்டது. எந்த மெஷினாலும் திரும்பாது. ரத்தத்தைக் கழுவி, தண்ணீர் வடித்து, சதைப்பக்கம் மேலே இருக்க விரித்து, தோல் எடையில் 40 சதவீதம் உப்பு. ஒன்றரைக் கிலோத் தோலுக்கு 600 கிராம். கழுத்து, வால்முனை, கால் மடிப்பு எல்லாம் கையால் விரித்துத் தேய்க்க வேண்டும்; அழுகல் தொடங்குவது அந்த மடிப்பில்தான். தூள் உப்பு சீக்கிரம் கரைந்து ஓடிவிடும், கல்லுப்பு இடைவெளி விடும். நடுத்தரப் பொடி சரி. அடுக்கு மூன்றடி உயரத்தைத் தாண்ட வேண்டாம். தரை சரிவாக இருந்து உப்புநீர் குழிக்கு வடிய வேண்டும். இரண்டு நாள் கழித்துப் பிரித்து, ஈரம் தெரியும் இடத்தில் மறுபடி கொஞ்சம் தூவி, இடம் மாற்றி அடுக்குங்கள்.

வாலிநோக்கத்தில் உப்பு கிடைக்கிறது என்று பாத்தியிலிருந்து வாரிய உடனே கொண்டுவந்து போடாதீர்கள். புது உப்பில் மெக்னீசியம் குளோரைடு ஒட்டியிருக்கும். அது காற்றின் ஈரத்தை இழுத்துத் தோலைச் சொதசொதவென்று வைத்திருக்கும். அம்பாரத்தில் கிடந்து கசப்பு வடிந்த பழைய உப்பு நல்லது. கடலுப்பில் இன்னொரு தொல்லை உண்டு: உப்பிலேயே உயிர்வாழும் பாக்டீரியா. உப்பளப் பாத்தி இளஞ்சிவப்பாக மாறுவதைப் பார்த்திருப்பீர்கள், அதே வகைதான். அடுக்கி வைத்த தோலின் சதைப்பக்கத்தில் சிவப்புத் திட்டு வந்தால் அது வேலையை ஆரம்பித்துவிட்டது என்று பொருள். உப்போடு ஒரு சதவீதம் போரிக் அமிலம் கலப்பதும், ஒருமுறை போட்ட உப்பைத் திரும்பப் போடாமல் இருப்பதும் தடுக்கும். இந்த வேலைக்கு வேண்டிய ஒரே மெஷின் உப்பு உதறும் டிரம்: கம்பிவலை சுற்றிய கூண்டு, மெதுவாகச் சுற்றும், ஒட்டிய உப்பு கீழே கொட்டும். உள்ளூர் பட்டறையிலேயே செய்யலாம். வாங்குபவர் உப்பு எடையைக் கழிக்கிறேன் என்று பேரம் பேசவும் இடமிருக்காது.

இதையெல்லாம் படித்த பிறகும் டிரம் வாங்கத்தான் போகிறேன், அனுமதியுள்ள வளாகத்தில் இடம் பிடித்துவிட்டேன் என்பவருக்கு மீதி.

டிரம் அளவை விற்பவர் சொல்லக்கூடாது, கணக்குச் சொல்ல வேண்டும். 300 கிலோ தோல், அதே எடைக்குத் தண்ணீர், சேர்த்து 600 லிட்டர் சொச்சம். டிரம் அச்சுக்குக் கீழேதான் நிரப்ப வேண்டும், அதாவது உட்கொள்ளளவில் 45 சதவீதம். அப்படியென்றால் 1,400 லிட்டருக்குக் குறையாமல் வேண்டும், உள்விட்டம் 1.5 மீட்டர், அகலம் 0.9 மீட்டர் சரியாக வரும். வேகத்துக்கும் சூத்திரம் உண்டு. 42.3-ஐ மீட்டரில் அளந்த விட்டத்தின் வர்க்கமூலத்தால் வகுத்தால், தோல் சுவரோடு ஒட்டிக்கொண்டு விழாமல் சுற்றும் வேகம் கிடைக்கும். இந்த டிரம்முக்கு அது நிமிடத்துக்கு 34 சுற்று. பதனிடுவதற்கு அதில் பாதிக்கும் கீழே, 14 சுற்று. சுண்ணாம்புக்கு 3, 4 சுற்றுக்கு மேல் போனால் ஆட்டுத்தோலின் முகம், அதாவது முடி இருந்த பக்கம், உரசித் தேய்ந்துவிடும். ஒரே டிரம்மில் இரண்டு வேகத்தையும் டிரைவ் (மோட்டார் வேகத்தை மாற்றும் மின்கருவி) வைத்துக் குறைத்துக்கொள்கிறேன் என்றால், 14 சுற்றுக்கு 50 ஹெர்ட்ஸ் என்ற கணக்கில் 4 சுற்றில் மோட்டார் 14 ஹெர்ட்ஸில் ஓடும். அதன் சொந்த விசிறி அந்த வேகத்தில் காற்றே தள்ளாது, தனி விசிறி இல்லாவிட்டால் சுருள் எரியும். 5 எச்.பி. மோட்டார் போதும்.

சுண்ணாம்புக்கும் குரோமுக்கும் ஒரே டிரம் வைப்பதை நான் சம்மதிக்கமாட்டேன், காரணம் விசிறி மட்டுமில்லை. முடி நீக்கப் போடும் சோடியம் சல்பைடு காரத்தில் அடங்கிக் கிடக்கும். அதன் மிச்சத்தின்மேல் அமிலம் பட்டால் ஹைட்ரஜன் சல்பைடு வாயு எழும். அழுகிய முட்டை நாற்றம் முதலில் வரும். அளவு கூடினால் மூக்கு மரத்து நாற்றமே தெரியாது, அப்போதுதான் ஆள் விழுவார். சுண்ணாம்புக் கழிவுக் குழிக்குள் அமிலக் கழிவைத் திருப்பிவிடுவதும், அந்தக் குழிக்குள் ஆளை இறக்குவதும் ஒன்றுக்கொன்று குறையாத கொலை. விழுந்தவரைத் தூக்க இறங்குபவரும் விழுவார். இரண்டு கழிவுக்கும் குழாய் தனித்தனி.

குரோமுக்கு முன்னால் போடும் அமிலக் குளியலுக்கு உப்பளக்காரர் கையில் இருக்கும், உப்புநீரின் அடர்த்தியை அளக்கும் அதே போமே மீட்டர் உதவும். பாத்தியில் உப்பு கட்டுவது 25 டிகிரியில். இங்கே தேவை 6, 7 டிகிரி. தோல் எடையில் 8 முதல் 10 சதவீதம் உப்பைப் போட்டுப் பத்து நிமிடம் ஓட்டி, மீட்டரை மிதக்கவிட்டுப் பார்த்த பிறகே அமிலம். உப்பு குறைந்தால் அமிலம் பட்டவுடன் தோல் ரப்பர்போல வீங்கும், பிறகு முகம் தளர்ந்து நெகிழும். சல்பூரிக் அமிலத்தைப் பத்து மடங்கு தண்ணீரில் ஊற்றிக் கலக்கி, ஆறவைத்து, மூன்று தவணையாக. தண்ணீரை அமிலத்தில் ஊற்றாதீர்கள். பிஹெச் 3-க்குச் சற்றுக் கீழே நின்றதும் 8 சதவீதம் குரோம் தூள். கழுத்துப்பக்கம் கத்தியால் ஒரு சின்ன வெட்டு போட்டுப் பாருங்கள். நீலம் நடுவரை சீராக ஓடியிருக்க வேண்டும், நடுவில் வெள்ளைக் கோடு தெரிந்தால் இன்னும் ஓட்டுங்கள். பிறகுதான் சோடா மாவு கரைசலைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு பிஹெச்சை 3.8 வரை ஏற்றுவது. அவசரப்பட்டு ஏற்றினால் குரோம் மேலேயே பிடித்துக்கொண்டு முகம் சொரசொரக்கும்.

பழைய மெஷின் விஷயத்துக்கு வருகிறேன். டிரம் பழையது வாங்கலாம், மரம் தேக்காக இருந்து பலகை இடுக்கு அழுகாமல் இருந்தால். லாரியில் வரும்போது காய்ந்து பலகை சுருங்கி ஒழுகும். இரண்டு நாள் தண்ணீர் நிரப்பி வைத்தால் ஊறி இறுகிவிடும், உடனே ஆணி அடிக்கக் கிளம்பாதீர்கள். ஃபிளெஷிங் மெஷினில் பெயின்ட்டைப் பார்க்காமல் உருளையைப் பாருங்கள். நடுவிலிருந்து வலமும் இடமுமாகச் சுருண்டு போகும் பிளேடுகள் தோலை இருபக்கமும் விரித்துக்கொண்டே சதையை வழிக்கும். அந்தப் பிளேடுகள் காடியில் செம்புப் பட்டை அடித்து இறுக்கப்பட்டிருக்கும். சாணை பிடித்துப் பிடித்து உருளை உடம்புக்குப் பக்கத்தில் வந்துவிட்டதா, எங்காவது செம்பு கிளம்பியிருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள், மெயின் சுவிட்சை எடுத்துவிட்டு. கீழ் ரப்பர் உருளையில் நடு குழிந்திருந்தால் தோலின் ஓரத்தில் வெட்டும், நடுவில் சதை நிற்கும்.

ஷேவிங் மெஷினுக்குச் சோதனை இன்னும் எளிது. பிழிந்த பத்துத் தோலைக் கையோடு கொண்டுபோங்கள். 0.8 மில்லிமீட்டருக்கு வைத்து ஷேவ் செய்யச் சொல்லி, இடது, நடு, வலது மூன்று இடத்திலும் கனமானியால் அளக்க வேண்டும். 0.1 மில்லிமீட்டருக்கு மேல் வித்தியாசம் இருந்தால் கிளம்பிவிடலாம். ஷேவ் ஆன பக்கத்தை வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பிடித்தால் குறுக்கே அலை அலையாகக் கோடு தெரிகிறதா? பேரிங் ஆடுகிறது. சாயம் போட்ட பிறகு அந்த அலை அப்படியே தெரியும். அதே மெஷினில் தோல் ஈரமாக இருந்தால் பிளேடு இழுத்துக் கிழிக்கும், காய்ந்திருந்தால் தூள் பறந்து சூட்டில் கருகும். அதனால் தோல் பாதி ஈரத்தில் இருக்கும்போது சோதித்தால்தான் மெஷினின் குறை எது, தோலின் குறை எது என்று பிரித்தறிய முடியும்.

பட்டைப் பதனிடுதல்தானே, ஆவாரம் நம் காட்டிலேயே கிடக்கிறதே என்று சிலர் கேட்பார்கள். ஆவாரம்பட்டையும் கடுக்காயும் சேர்த்த பழைய மெட்ராஸ் முறை உலகப் பேர் வாங்கியது உண்மை. பின்னாளில் வாட்டில் என்னும் சீமை வேல மரத்தின் பட்டை அந்த இடத்தைப் பிடித்தது. குரோம் இல்லை என்றாலும் சுண்ணாம்பும் கழிவுநீரும் இதிலும் உண்டு. கடலோரத்தில் இதற்கு எதிரி இரும்பு. கடுக்காயோடு அன்னபேதி என்னும் இரும்பு உப்பு சேர்த்தால் எழுதும் மை வரும் அல்லவா, அதே சேர்க்கை தோலின்மேல் நடக்கும். சாணைக் கல்லிலிருந்து தெறித்த துகள், துருப்பிடித்த போல்ட், தகரக் கூரையிலிருந்து சொட்டிய நீர், எது பட்டாலும் மறுநாள் கருநீலப் புள்ளி. ஒரு சதவீத ஆக்ஸாலிக் அமிலக் கரைசலால் துடைத்தால் புதுக் கறை போகும், ஊறியது போகாது. டிரம்முக்குள் பித்தளை அல்லது 316 எவர்சில்வர் போல்ட் மட்டும்.

போர்த் தண்ணீர் ஒத்துவருமா என்று வீட்டிலேயே பார்க்கலாம். தோலுக்கு விடும் எண்ணெய்க் குழம்பை ஒரு பாட்டிலில் போர்த் தண்ணீரிலும், இன்னொன்றில் ஆர்ஓ தண்ணீரிலும் இருபதுக்கு ஒன்று கலந்து குலுக்கி அரைமணி வையுங்கள். போர்த் தண்ணீர்ப் பாட்டிலில் எண்ணெய் திரிந்து மேலே மிதந்தால், தோலிலும் உள்ளே போகாமல் முகத்தில் பிசுபிசுவென்று நிற்கும்.

கிரஸ்ட் வாங்கி முடிக்கும் வழியில் போவதாக இருந்தால் ஸ்டேக்கிங், பஃபிங், ஸ்ப்ரே, அளக்கும் மெஷின் நான்கோடு தொடங்கலாம். ஸ்டேக்கிங்குக்குத் தோலில் 20 சதவீத அளவுக்கு ஈரம் வேண்டும், மொறுமொறுவென்று போட்டால் முகம் வெடிக்கும். பஃபிங் தூள் இழுக்கும் கலெக்டர் இல்லாமல் பஃபிங் மெஷினை இறக்கவே வேண்டாம். கச்சான் காற்று வீசும் ஆனி ஆடியில் ஸ்ப்ரே அறையின் மேற்குப் பக்கத்தை அடைத்துவிடுங்கள். ஈரப் பூச்சின்மேல் மணல் ஒட்டினால் திரும்பவும் பஃபிங்தான். ஓடாத நாளில் ஷேவிங் பிளேடுக்கும் பிளேட்டிங் தகட்டுக்கும் மெல்லிய எண்ணெய் பூசி மூடாவிட்டால், உப்புக்காற்றில் ஒரே வாரத்தில் செம்பழுப்புப் புள்ளி விழும். அந்தத் தகடு அழுத்தும் ஒவ்வொரு தோலிலும் அதே புள்ளி பதியும்.