சமையல் கத்திக்கு மைக்கார்ட்டாவா, ஜி-10ஆ?

கேள்வி: வீட்டுச் சமையலுக்கு 8 அங்குலக் கத்தி ஒன்றை நானே செய்தேன். மரப்பிடி தண்ணீர் குடித்து உப்பி, உலோகப் பின் அடித்த இடத்தில் வெடித்துவிட்டது. மைக்கார்ட்டா, ஜி-10, கார்பன் ஃபைபர் என்று ஆளுக்கு ஒன்றைச் சொல்கிறார்கள். எதைப் போடலாம்? எலக்ட்ரிக்கல் கடை ஹைலம் ஷீட் ஆகுமா?

பதில்: துணி மைக்கார்ட்டா போடுங்கள். சமையலறையில் எந்நேரமும் ஈரக் கையோடு புழங்கும் கத்திக்கு அதைத்தான் முதலில் சொல்வேன்.

மூன்றும் ஒரே வழியில் செய்யப்படுபவைதான். துணியையோ காகிதத்தையோ பிசினில் ஊறவைத்து, அடுக்கி, சூட்டிலும் அழுத்தத்திலும் இறுக்கிய பலகைகள். மைக்கார்ட்டாவுக்குள் இருப்பது பருத்தித் துணி அல்லது காகிதம், பிசின் ஃபீனாலிக். ஜி-10 என்றால் கண்ணாடி இழைத் துணியும் எபாக்சியும். ஜி-10 வலுவில் கூடியது, தண்ணீரையும் ஏறக்குறைய இழுக்கவே இழுக்காது. அதனால்தான் பலரும் கண்ணை மூடிக்கொண்டு அதைச் சொல்கிறார்கள். ஆனால் சமையல் கத்திப் பிடிக்கு அவ்வளவு வலு தேவையே இல்லை. மீன் கழுவிய கையில் நழுவாமல் நிற்பதுதான் முக்கியம். பளபளப்பாகத் தேய்த்த ஜி-10 ஈரத்தில் வழுக்கும். கான்வாஸ் (முரட்டுப் பருத்தித் துணி) மைக்கார்ட்டாவை 320 அல்லது 400 நம்பர் உப்புத்தாளோடு நிறுத்திவிட்டால், மேலே தெரியும் பருத்தி இழைகள் ஈரம் பட்டதும் லேசாக எழும்பிப் பிடிமானம் தரும். கண்ணாடி மாதிரி மினுக்க வேண்டும் என்று ஆசைப்பட்டு அந்தக் குணத்தைத் தேய்த்துப் போக்கிவிடாதீர்கள்.

எடையையும் பாருங்கள். 125 மி.மீ. நீளம், 30 அகலம், 8 கனத்தில் இரண்டு துண்டு என்றால் 60 கன சென்டிமீட்டர். அது ஜி-10ல் சுமார் 110 கிராம், துணி மைக்கார்ட்டாவில் சுமார் 80 கிராம். வடிவம் கொடுக்கும்போது இரண்டுமே குறையும், ஆனாலும் வித்தியாசம் கையில் தெரியும். அலகு மெல்லிசாக இருந்தால் ஜி-10 பிடி போட்ட கத்தி பின்பக்கம் சாயும். கார்பன் ஃபைபர் லேசானதுதான். ஆனால் விலை அதிகம், அதன் தூள் மின்சாரத்தைக் கடத்துவதால் மெஷின் மோட்டாருக்குள் போனால் ஷார்ட் ஆகவும் வாய்ப்பு உண்டு. முதல் பிடிக்கு வேண்டாம்.

ஹைலம் தாராளமாக ஆகும். அதுவும் துணியையோ காகிதத்தையோ ஃபீனாலிக் பிசினில் இறுக்கிய பலகைதான். மைக்கார்ட்டாவே 1910 வாக்கில் அமெரிக்காவின் வெஸ்டிங்ஹவுஸ் கம்பெனி மின் இன்சுலேஷனுக்காகக் கொண்டுவந்த பொருள்தான். கடையில் துணி வைத்த ஷீட்டா, காகிதம் வைத்ததா என்று கேட்டு வாங்குங்கள். வெட்டிய விளிம்பைப் பார்த்தாலே தெரியும்: துணி என்றால் நெசவு இழை தெரியும், காகிதம் என்றால் நெருக்கமான மெல்லிய கோடுகள் மட்டும். காகித வகை வழவழப்பாக அழகாக வரும், ஆனால் மெல்லிய ஓரங்களில் சில்லு தெறிக்கும். விளிம்பு பச்சை கலந்து கண்ணாடிபோல மினுங்கி, அரத்தையும் சீக்கிரம் மழுக்கினால் அது கண்ணாடி எபாக்சி ஷீட்டாகத்தான் இருக்கும். கனம் 8 மி.மீ. போதும், கை பெரிதென்றால் 10. பழுப்பு நிற ஷீட் வெயிலும் எண்ணெயும் பட்டுப் போகப் போகக் கறுக்கும். எனக்கு அந்த நிறம் மிகவும் பிடிக்கும்.

தூள் விஷயத்தில் மட்டும் அலட்சியம் கூடவே கூடாது. கண்ணாடி இழைத் தூள் தோலை அரிக்கும், நுரையீரலுக்குக் கெடுதல். ஃபீனாலிக் தூளும் நல்லதல்ல. மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டால் போதாது. ஃபில்டர் மாற்றக்கூடிய ரெஸ்பிரேட்டர் முகமூடி வாங்குங்கள், குறைந்தது நன்றாகப் பொருந்தும் என்95 மாஸ்க்காவது போடுங்கள். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி அணியுங்கள். கையால் தேய்ப்பதை எல்லாம் தண்ணீர் தொட்டே தேயுங்கள். வேலையின்போது உடுத்திய துணிகளை வீட்டுத் துணியோடு சேர்த்துத் துவைக்காதீர்கள்.

துளை போடும்போது அடியில் மரக்கட்டை வையுங்கள், இல்லாவிட்டால் பிட் வெளியே வரும் பக்கம் அடுக்கு பெயரும். ஒட்டும் பக்கத்தை 80 நம்பர் தாளில் கீறி, அசிட்டோனால் துடைத்து, அரால்டைட் போன்ற எபாக்சியில் மெதுவாக இறுகும் வகையைப் பூசுங்கள். கிளாம்ப்பை நெரித்து முறுக்கினால் பசை முழுக்க வெளியே வழிந்து, உள்ளே ஒட்ட ஒன்றும் இருக்காது. பசையோடு இரண்டு பின்னாவது இருக்கட்டும். 24 மணி நேரம் தொடாதீர்கள்.

அப்புறம், அலகை ஒட்டி நிற்கும் பிடியின் முன் ஓரத்தை, ஒட்டுவதற்கு முன்பே கடைசி உப்புத்தாள் வரை தேய்த்து முடித்துவிடுங்கள். ஒட்டிய பிறகு அலகைக் கீறாமல் அந்த இடத்தைத் தொட முடியாது.