முகாம் டிரெய்லருக்கு எந்த பிரேக்? வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

என் மடக்குக் கூடார டிரெய்லர் வெறும் எடை 600 கிலோ. இதுவரை பிரேக் இல்லை. ஓவர்ரன் பிரேக் போதுமா, எலெக்ட்ரிக் பிரேக் போடலாமா?

வெறும் எடையை வைத்து முடிவெடுக்காதீர்கள். தண்ணீர், கேஸ் சிலிண்டர், பேட்டரி, சாமான் எல்லாம் ஏற்றி எடைமேடையில் நிறுத்திப் பாருங்கள். 80 லிட்டர் தண்ணீர் மட்டுமே 80 கிலோ. ஐரோப்பிய ஒன்றியத்திலும் ஆஸ்திரேலியாவிலும் 750 கிலோவைத் தாண்டினால் பிரேக் கட்டாயம். உங்கள் வண்டி அதை எளிதாகத் தொட்டுவிடும்.

கார் வேகம் குறையும்போது டிரெய்லர் முன்னால் வந்து தள்ளும் விசையில் ஓவர்ரன் பிரேக் வேலை செய்கிறது. காரில் எதுவும் மாட்ட வேண்டாம் என்பதால், வெவ்வேறு கார்கள் இழுக்கும் டிரெய்லருக்கு அதுதான் வசதி. ஆனால் நீண்ட மலை இறக்கத்தில் அது விடாமல் பிடித்தபடியே சூடேறும். டிரெய்லர் பக்கவாட்டில் ஆடத் தொடங்கினால் டிரெய்லர் பிரேக்கை மட்டும் தனியாகப் பிடிக்கவும் வழியில்லை. எலெக்ட்ரிக் பிரேக்கில், டிரம்முக்குள் இருக்கும் மின்காந்தம் (மேக்னட்) பிரேக் ஷூக்களைத் தள்ளிப் பிடிக்க வைக்கிறது; அதற்கு மின்சாரம் அனுப்பும் கன்ட்ரோலர் காரில் ஓட்டுநர் கையெட்டும் இடத்தில் இருக்கும். அதன் கைப்பிடியைத் தட்டி அந்த ஆட்டத்தை அடக்கலாம். ஒரே கார்தான் இழுக்கிறது, மலைப்பாதையும் உண்டு, உங்கள் நாட்டு விதியும் அனுமதிக்கிறது என்றால் எலெக்ட்ரிக் பிரேக்கே என் தேர்வு. கார் எவ்வளவு வேகமாகக் குறைகிறதோ அதற்கேற்ப மின்சாரம் அனுப்பும் கன்ட்ரோலரை வாங்குங்கள். நேரக் கணக்கில் மின்சாரத்தை ஏற்றும் மலிவு வகை நெரிசலில் வெடுக்கென்று இழுக்கும்.

பிரேக் இல்லாத ஆக்ஸில் மட்டும்தான் இருக்கிறது. எலெக்ட்ரிக் பிரேக் கிட் வாங்கும் முன் எதைப் பார்க்க வேண்டும்?

ஹப்புக்கு (சக்கரம் மாட்டும் நடுப்பகுதி) பின்னால், பிரேக் பாகங்களைத் தாங்கும் தட்டான பேக்கிங் பிளேட்டைப் போல்ட் போட்டுப் பொருத்தும் விளிம்பு (ஃபிளாஞ்ச்) இருக்கிறதா என்று பாருங்கள். சுமார் 1,590 கிலோ தாங்கும் ஆக்ஸிலுக்குப் பொதுவாக வருவது 10 அங்குல விட்டமும் 2¼ அங்குல அகலமும் கொண்ட டிரம். அதன் ஃபிளாஞ்சில் 4 போல்ட். குழாய்க்குள் இருக்கும் ரப்பரே ஸ்பிரிங்காக வேலை செய்யும் ரப்பர் டார்ஷன் ஆக்ஸிலில் ஃபிளாஞ்ச் இல்லையென்றால் நீங்களே வெல்டிங் வைக்காதீர்கள், சூடு ரப்பரைக் கெடுத்துவிடும். ஃபிளாஞ்சோடு வரும் ஆக்ஸிலை வாங்குவதே பாதுகாப்பு. பியரிங்கில் பொறித்த எண்ணையும் வீல் போல்ட் இடைவெளியையும் குறித்துக்கொண்டு கடைக்குப் போங்கள்.

இடது, வலது பிரேக் வேறு வேறு. டிரம்மை உரசிப் பிடிக்கும் இரண்டு ஷூக்களில், லைனிங் (உரசும் பட்டை) குட்டையானது வண்டியின் முன்பக்கம் இருக்க வேண்டும்; மாற்றி மாட்டினால் பிடிப்பு வெகுவாகக் குறையும். மேக்னட்டின் இரண்டு வயர்களில் எதை எர்த்துக்குக் கொடுத்தாலும் சரி.

எலெக்ட்ரிக் டிரம் இருக்கிறது, ஆனால் பிடிப்பே இல்லை. பெரிய டிரம்முக்கு மாறலாமா?

பொறுங்கள். இப்படி வரும் வண்டிகளில் டிரம் அளவு பெரும்பாலும் சரியாகவே இருக்கும். கோளாறு வயரிங்கிலோ அட்ஜஸ்ட்மென்ட்டிலோதான்.

பிரேக் வயரில் ஆம்மீட்டரைத் தொடராக இணைத்து, கன்ட்ரோலரை முழுமையாக அழுத்துங்கள். 10 அங்குல பிரேக்கில் ஒரு மேக்னட் சுமார் 3 ஆம்பியர் எடுக்கும்; இரண்டு என்றால் 6, நான்கு என்றால் 12. குறைவாகக் காட்டினால் முதல் சந்தேகம் எர்த்மேல். கொக்கியின் பந்து வழியாக எர்த் வரும் என்று நம்பாதீர்கள். பிளக்கிலிருந்து தனி வயர் வேண்டும், பிரேக் வயரின் அதே தடிமனில். அடுத்து ஆக்ஸில் குழாய்க்குள் ஓடும் வயரைப் பாருங்கள், அது உரசி உரசி அறுந்திருக்கும். வயரைக் கழற்றி மேக்னட்டை அளந்தால் 3 முதல் 4 ஓம் வரவேண்டும்.

ஆம்பியர் சரியாக இருந்தும் பிடிக்கவில்லையா? சக்கரத்தைத் தூக்கி, ஷூக்களின் இடைவெளியைச் சரிசெய்யும் பல் வைத்த நட்சத்திரச் சக்கரத்தை, டிரம் கையால் சுற்றக் கடினமாகும்வரை திருப்புங்கள். பிறகு சுமார் 10 பல் பின்னால் விட்டு, லேசான உரசலோடு தாராளமாகச் சுற்றுகிறதா பாருங்கள். லைனிங்கில் கிரீஸ் ஏறியிருந்தால் துடைத்துப் பயனில்லை. அந்த ஆக்ஸிலின் இருபக்க ஷூக்களையும், கிரீஸை விட்ட சீலையும் மாற்றுங்கள். அளவுக்கு மீறி கிரீஸ் அடிப்பதுதான் சீல் போவதற்கு வழக்கமான காரணம்.

புது ஷூ உடனே பிடிக்காது. மணிக்கு 65 கி.மீ. வேகத்திலிருந்து 30-க்குக் குறைப்பதை இடைவெளி விட்டு 20, 30 முறை செய்து பழக்குங்கள். 300 கி.மீ. ஓடியதும் மீண்டும் அட்ஜஸ்ட் செய்யுங்கள்.

டிஸ்க் பிரேக் செலவுக்குத் தகுமா?

கனமான டிரெய்லர், அடிக்கடி மலை இறக்கம், சேறு, ஆற்றைக் கடப்பது என்றால் தகும். சூட்டில் பிடிப்பு குறைவதும் அட்ஜஸ்ட்மென்ட் வேலையும் டிஸ்க்கில் குறைவு. ஆனால் எலெக்ட்ரிக் கன்ட்ரோலரின் சிக்னலைப் பிரேக் ஆயிலின் அழுத்தமாக மாற்ற ஹைட்ராலிக் ஆக்சுவேட்டர் என்ற பம்ப் தேவை. டிரம்முக்கான ஆக்சுவேட்டர் சுமார் 1,000 பி.எஸ்.ஐ. தரும், டிஸ்க்குக்கு 1,600 வேண்டும். தவறானதை வாங்கினால் டிஸ்க்கைக் கவ்வும் காலிப்பர் அரைகுறையாகத்தான் பிடிக்கும். ஒரு டன் எடைக்குள் உள்ள டிரெய்லருக்கு நல்ல டிரம்மே போதும்.

டிரெய்லர் காரை விட்டுக் கழன்றால் அதன் பிரேக்கைத் தானாகப் பிடிக்க வைக்கும் பிரேக்அவே வயரைப் பாதுகாப்புச் சங்கிலியில் மாட்டலாமா?

கூடாது. கொக்கி கழன்று சங்கிலியும் போனால்தான் அந்த வயருக்கு வேலை. காரின் சட்டத்தில் தனி இடத்தில், சங்கிலியைவிடச் சற்று நீளமாகவும் திரும்பும்போது இழுபடாத அளவிலும் மாட்டுங்கள். ஒவ்வொரு பயணத்துக்கும் முன் காரிலிருந்து பிளக்கைக் கழற்றிவிட்டு, அந்த வயரின் முனையில் டிரெய்லர் சுவிட்சில் செருகியிருக்கும் பின்னை உருவி, சக்கரங்கள் இறுகுகின்றனவா பாருங்கள். உடனே பின்னைத் திரும்பச் செருகிவிடுங்கள், இல்லாவிட்டால் டிரெய்லரின் பேட்டரி காலியாகிவிடும்.