ஓய்ந்த விமானங்கள் எங்கே போகின்றன?

கேள்வி: பறந்து ஓய்ந்த பயணிகள் விமானங்களைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடுவார்களா?

பதில்: இரும்பைவிட அலுமினியமே அவற்றில் அதிகம் என்றாலும், பெரும்பாலானவற்றின் முடிவு அதுதான், ஆனால் உடனே அல்ல. கலிபோர்னியாவின் விக்டர்வில், ஸ்பெயினின் தெருவேல், ஆஸ்திரேலியாவின் ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் போன்ற வறண்ட நிலங்களில், ஈரம் குறைவாக இருப்பதால் உலோகம் எளிதில் அரிக்கப்படாது என்பதற்காக, எஞ்சின் வாய்களும் சன்னல்களும் மூடி ஒட்டப்பட்ட நிலையில் அவை வரிசையாக நிறுத்தப்படுகின்றன. சில வேறு நிறுவனங்களுக்கு விற்கப்படும். சிலவற்றில் பக்கவாட்டில் அகலமான கதவை வெட்டி, தரையை வலுப்படுத்தி, சரக்கு விமானமாக மாற்றி மேலும் பல ஆண்டுகள் ஓட்டுவார்கள்.

உடைப்பதென்று முடிவானால், மிகுந்த விலைபோகும் எஞ்சின்களையே முதலில் கழற்றுவார்கள்; அடுத்து சக்கரத் தொகுதியும் விமானி அறைக் கருவிகளும் வரும். இதில் விந்தை என்னவென்றால், பயன்பாட்டு வரலாற்றைச் சொல்லும் ஆவணம் தொலைந்துவிட்டால், பழுதே இல்லாத பாகத்தையும் வேறு விமானத்தில் பொருத்த இயலாது. எஞ்சிய கூட்டை இயந்திரங்கள் கடித்துத் துண்டாக்க, அலுமினியம் உலைக்குப் போகிறது. புதிய விமானங்களின் கரியிழைப் (கார்பன் ஃபைபர்) பாகங்களை அவ்வாறு உருக்க முடியாது என்பதே இத்தொழிலின் தலைவலி.

அரிதாகச் சில தப்புவதும் உண்டு: ஸ்டாக்ஹோமின் அர்லாண்டா விமான நிலையத்தில் ஒரு போயிங் 747, 2009இல் தங்கும் விடுதியாகத் திறக்கப்பட்டது.