பச்சை ஒளி வந்தால் புதுப் படிகமா?

அன்புள்ள ஐயா,

நான் இயற்பியல் ஆய்வு மாணவி. கிளைசின் என்ற அமினோ அமிலத்தையும் சாதாரண உப்பையும் தண்ணீரில் கரைத்து, மெதுவாக ஆவியாகவிட்டுப் படிகம் வளர்த்தேன். நல்ல தெளிவாக வந்திருக்கிறது. பொடித்து 1064 நானோமீட்டர் லேசரைப் பாய்ச்சினால் பச்சை ஒளி தெரிகிறது. கிளைசினில் அது வராது என்று படித்திருக்கிறேன். அப்படியானால் இது புதுப் படிகம்தானே? 'கிளைசின் சோடியம் குளோரைடு' என்று பேப்பர் அனுப்பலாமா?

ஓர் ஆய்வு மாணவி

அன்புள்ள மாணவிக்கு,

இப்போதைக்கு அனுப்ப வேண்டாம். பீக்கரின் வாயைப் பாலித்தீன் தாளால் மூடி, ஊசியால் துளை போட்டு, யார் கையும் படாத மூலையில் வைத்து வாரக்கணக்கில் காத்திருந்திருப்பீர்கள். அந்த உழைப்பு தவறான பெயரில் வெளியே போகக்கூடாது. உங்களிடம் இருப்பது பெரும்பாலும் காமா கிளைசின், அதாவது வெறும் கிளைசின்தான்.

கிளைசின் மூலக்கூறுகள் எப்போதும் ஒரே மாதிரி அடுக்கிக்கொள்வதில்லை. வெறும் தண்ணீரில் பொதுவாக ஆல்ஃபா வடிவம் வரும். அதில் மூலக்கூறுகள் எதிரும் புதிருமாக ஜோடி சேர்ந்திருக்கும். ஒன்றின் விளைவை மற்றது அழித்துவிடும். அதனால் உள்ளே போகும் லேசரைவிட இரு மடங்கு அதிர்வெண் கொண்ட ஒளி, அதாவது நீங்கள் பார்த்த பச்சை, எழாது. நீங்கள் படித்தது இந்த ஆல்ஃபாவைப் பற்றித்தான். கரைசலில் உப்பு போதுமான அளவு இருந்தால் காமா வடிவம் முந்திக்கொள்ளும். அதில் மூலக்கூறுகள் சுருள் சுருளாக ஒரே திசை பார்த்து நிற்கும். 1064 நானோமீட்டர் உள்ளே போனால் அதில் பாதியான 532 நானோமீட்டர் பச்சை ஒளி வெளியே வரும். உப்பு தன் வேலையை முடித்துவிட்டுக் கரைசலிலேயே தங்கிவிடுகிறது.

இந்த இடத்தில் பலர் சறுக்கியிருக்கிறார்கள். புதிது என்று வெளியான சில படிகங்களைப் பின்னால் படிகவியலாளர்கள் மறுத்து எழுத வேண்டிவந்தது. 'தனிமப் பகுப்பாய்வில் சோடியம் தெரிகிறதே' என்று கேட்பீர்கள். தாய்க்கரைசல், அதாவது படிகம் வளர்ந்த கரைசல், மேலே ஒட்டிக் காய்ந்திருந்தாலும், உள்ளே சிறு குமிழாகச் சிக்கியிருந்தாலும் தெரியத்தான் செய்யும்.

ஒற்றைப் படிக எக்ஸ் கதிர் ஆய்வுக்குக் கொடுங்கள். அரை மில்லிமீட்டர்கூட இல்லாத ஒரு நல்ல துண்டு போதும். அலகுக்கூட்டின் (படிகத்தில் திரும்பத் திரும்ப வரும் மிகச் சிறிய கட்டத்தின்) பக்கங்கள் ஏறத்தாழ 7.04, 7.04, 5.48 ஆங்ஸ்ட்ராம், ஒரு கோணம் 120 டிகிரி என்று வந்தால் காமாதான், சந்தேகமில்லை.

அதற்காகக் கிளைசின் எதனுடனும் சேராது என்று நினைத்துவிடாதீர்கள். சோடியம் நைட்ரேட்டுடன் உண்மையாகவே சேர்ந்து தனிப் படிகம் தருகிறது. கந்தக அமிலத்துடன் சேர்ந்தால் ட்ரைகிளைசின் சல்ஃபேட். அதன் ஃபெர்ரோமின் தன்மையை (தானாகவே இருக்கும் மின்முனைவை வெளி மின்புலத்தால் திருப்பிவிட முடிவதை) 1956இல் பெல் ஆய்வுக்கூடத்தினர் அறிவித்தார்கள். இன்றும், ஒரு பொருள் அகச்சிவப்பை எப்படி உறிஞ்சுகிறது என்று அளக்கும் பல எஃப்டிஐஆர் கருவிகளில் அகச்சிவப்புக் கதிரை உணர்வது அந்தக் குடும்பத்துப் படிகம்தான். உங்கள் துறையின் கருவியிலேயே இருக்கலாம், கேட்டுப் பாருங்கள். பீக்கரில் வளர்ந்த ஒன்று அங்கே போய் உட்கார்ந்திருப்பது எனக்கு இன்னும் பெரிய சந்தோஷம்.

சரி, காமா என்றே வந்தால்? உப்பின் அளவைக் கூட்டிக் குறைத்து, எந்த அளவில் ஆல்ஃபா நின்று காமா தொடங்குகிறது என்று பாருங்கள். பெரிய படிகம் வேண்டுமென்றால் படிக வளர்ப்பு ஆய்வாளர்கள் சங்கரநாராயணனும் ராமசாமியும் 2005இல் வெளியிட்ட முறை இருக்கிறது, நம் தமிழ்நாட்டில் உருவானது. வேண்டிய திசையில் வெட்டிய விதைப் படிகத்தைக் கண்ணாடிக் குழாயின் அடியில் வைத்து மேல்நோக்கி வளர்ப்பார்கள்.

உங்கள் கைடிடம் இதைத் தயங்காமல் பேசுங்கள். எக்ஸ் கதிர் முடிவு வந்ததும் எண்களை எனக்கும் அனுப்புங்கள்.

அன்புடன்