மயக்க மருந்து, மாத்திரைகள்: எதை நம்பிப் படிப்பது? மயக்கவியல் மருத்துவரின் பதில்கள்

கேள்வி: அம்மாவுக்குப் பித்தப்பை அறுவை சிகிச்சை நடக்கவிருக்கிறது. முழு மயக்கம் பற்றி எங்கே படிக்கலாம்?

பதில்: பிரிட்டனின் மயக்க மருத்துவர்கள் அமைப்பான ராயல் காலேஜ் ஆஃப் அனஸ்தெட்டிஸ்ட்ஸ் நோயாளிகளுக்கென்றே வெளியிடும் துண்டறிக்கைகளை முதலில் படியுங்கள். நடுவில் விழிப்பு வந்துவிடுமோ என்ற அச்சம் பலருக்கும் உண்டு. பிரிட்டனிலும் அயர்லாந்திலும் நடந்த ஆய்வின் 2014ஆம் ஆண்டு அறிக்கை, ஏறத்தாழ 19,000 மயக்கங்களில் ஒன்றில் அவ்வாறு நேர்ந்ததாக நோயாளிகள் தெரிவித்தனர் என்கிறது. 'ஆபத்தே இல்லை' என்னும் தாளைவிட இப்படி எண்ணைச் சொல்லும் தாளையே நான் நம்புவேன். எழுதியவர் யார், கடைசியாக எப்போது திருத்தப்பட்டது என்ற விவரம் இல்லையென்றால் ஒதுக்கிவிடுங்கள்.

கேள்வி: மாத்திரைகளைப் பற்றி?

பதில்: அமெரிக்கத் தேசிய மருத்துவ நூலகம் விளம்பரமின்றி நடத்தும் மெட்லைன்பிளஸ் தளத்தைப் பாருங்கள். நம்மூர் வணிகப் பெயரை இட்டால் பெரும்பாலும் கிடைக்காது; அட்டையில் உள்ள மருந்தின் மூலப்பெயரை இடுங்கள். பாராசிட்டமாலை அங்கே அசெட்டமினோஃபென் என்பார்கள்.

கேள்வி: சர்க்கரை மாத்திரையை எப்போது நிறுத்துவது என்று எந்தத் தளம் சொல்லும்?

பதில்: தளத்தைப் பார்த்து எதையும் நிறுத்தாதீர்கள். சர்க்கரை மாத்திரைகளில் ஒன்றான டாபாகிளிஃப்ளோசினை அறுவைக்குக் குறைந்தது 3 நாள் முன்பே நிறுத்த வேண்டும் என்பது அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் அறிவுரை. மற்ற மாத்திரைகளுக்குக் கணக்கு வேறு. எல்லா அட்டைகளையும் மயக்க மருத்துவரிடம் காட்டுங்கள்.

கேள்வி: மரத்துப்போவதற்காக முதுகில் ஊசி போட்டால் ஆயுள் முழுக்க முதுகுவலி என்று ஒரு காணொலி சொல்கிறதே?

பதில்: ஊசி போட்ட இடத்தில் சில நாள் வலி இருக்கலாம். சிலருக்கு உட்கார்ந்தால் கூடி, படுத்தால் குறையும் தலைவலி வரும். அதை மருத்துவரிடம் உடனே சொல்ல வேண்டும். ஆனால் பிரசவத்தில் வலி தெரியாமலிருக்க முதுகில் போடும் எபிடியூரல் ஊசி போட்டுக்கொண்டவர்களையும் போடாதவர்களையும் ஒப்பிட்ட ஆய்வுகளில் நீண்டகால முதுகுவலியில் வேறுபாடு தென்படவில்லை.

கேள்வி: என் அக்காவுக்கு சிசேரியனுக்குப் பிறகு இன்றும் வலிக்கிறது. இலட்சக்கணக்கானோர் பார்த்த காணொலி பொய்யா?

பதில்: உங்கள் அக்காவின் வலியை நான் மறுக்கவில்லை. கர்ப்பகாலத்தில் தளரும் தசைநார்களும், பிள்ளையைக் குனிந்து தூக்கும் வேலையும் ஊசி போடாத தாய்மார்களுக்கும் முதுகுவலியைத் தருகின்றன. அந்தத் தாய்மார்களைக் கணக்கில் சேர்க்காத காணொலியை எத்தனை இலட்சம் பேர் பார்த்தாலும் அது சான்றாகாது.

கேள்வி: ஊசியால் கால் விளங்காமல் போகுமா?

பதில்: மிக அரிது. முதல் பதிலில் சொன்ன நிறுவனம் இதற்கும் தகவல் தாள் வைத்திருக்கிறது.

கேள்வி: இரத்தம் உறையாமலிருக்கத் தரும் மாத்திரையை நானே நிறுத்தலாமா?

பதில்: கூடாது. மூன்றாவது பதிலைப் படியுங்கள்.

கேள்வி: மாத்திரையால் உடம்பெல்லாம் தடித்துவிட்டது. எங்கே தெரிவிப்பது?

பதில்: முதலில் மருத்துவரைப் பாருங்கள், மூச்சுத் திணறல் இருந்தால் 108ஐ அழையுங்கள். பிறகு இந்திய மருந்துக் கண்காணிப்புத் திட்டத்தின் கட்டணமில்லா எண் 1800 180 3024இல் தெரிவிக்கலாம். மருந்தின் பெயரை எழுதி வைத்து, அடுத்த அறுவை சிகிச்சைக்கு முன் மயக்க மருத்துவரிடம் தவறாமல் காட்டுங்கள்.