பிள்ளையின் தாளில் உங்கள் பென்சில் வேண்டாம்

கேள்வி: ஓவிய ஆசிரியர் பயிற்சிக்காக ஓர் அரசுப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்புக்குப் போய்வருகிறேன். பாதிப் பேர் பென்சிலைத் தொடும் முன்பே "எனக்கு வராது மிஸ்" என்கிறார்கள். மீதிப் பேர் நான் போர்டில் போடுவதை அப்படியே பார்த்துப் போடுகிறார்கள். வழிகாட்டி ஆசிரியரோ, "தப்பை அவங்க நோட்டுலயே திருத்திக் கொடும்மா" என்கிறார். திருத்தினால் பிள்ளைகளின் முகம் சுருங்கிவிடுகிறது. என்ன செய்யட்டும்?
— வாசகி, திண்டுக்கல்

பதில்: திருத்தாதீர்கள். காட்டித்தான் ஆக வேண்டும் என்றால் துண்டுத் தாளில் போட்டுக் காட்டிவிட்டு, அதைக் கையோடு எடுத்து வந்துவிடுங்கள். பிள்ளையின் கோட்டுக்கு மேல் உங்கள் கோடு விழுந்துவிட்டால், அதன்பின் அது யார் படம்?

"வராது" என்பதைக் கேட்டு மனம் தளர வேண்டாம். மூன்றாம் வகுப்பில் வீட்டைவிடப் பெரிய பூவை வரைந்து சந்தோஷப்பட்ட அதே பிள்ளைதான் இது. வளர வளரத் தன் படத்தை நிஜத்தோடு ஒப்பிட ஆரம்பித்துவிடுகிறது. குறை தெரிகிற அளவுக்குக் கண் வளர்ந்துவிட்டது, கைக்குத்தான் இன்னும் பழக்கம் போதவில்லை.

போர்டை விடுங்கள். மேசைமேல் ஓர் எவர்சில்வர் டம்ளரை வையுங்கள். முக்கால்வாசிப் பேர் வாயை நீள்வட்டமாகவும் அடியை நேர்கோடாகவும் போடுவார்கள். மேசை தட்டை என்று தெரியும், அதனால் அடியும் தட்டை! டம்ளரைக் கண்மட்டத்துக்குத் தூக்கிக் காட்டுங்கள். வாய் ஒரே கோடாகிவிடும். மெல்ல இறக்குங்கள், கோடு திறந்து வட்டமாகிக்கொண்டே வரும். அடிப்பாகம் கண்ணுக்கு இன்னும் கீழே இருப்பதால், அதன் வளைவு வாயின் வளைவைவிடக் கூடுதலாகத்தான் இருக்கும். இதை நீங்கள் சொல்லிவிடாதீர்கள். "எது அதிகமா வளைஞ்சிருக்கு?" என்று கேட்டுவிட்டுச் சும்மா நில்லுங்கள்.

வராது என்று அடம்பிடிப்பவர்களுக்கு இன்னொரு வழி உண்டு. அமெரிக்காவில் உயர்நிலைப் பள்ளி ஓவிய ஆசிரியையாக இருந்த பெட்டி எட்வர்ட்ஸ், ஒரு கோட்டோவியத்தைத் தலைகீழாக வைத்து வரையச் சொன்னார். நேராக வைத்தபோது திணறியவர்கள் அப்போது நன்றாக வரைந்தார்கள். மூக்கு, கண் என்று தெரியாதபோது, இருக்கிற கோட்டைத்தானே பார்த்தாக வேண்டும்? 1979இல் புத்தகமாகவும் எழுதினார். அதில் வலது மூளை, இடது மூளை என்று அவர் கொடுத்த விளக்கத்தை இன்று விஞ்ஞானிகள் அப்படியே ஏற்பதில்லை. பயிற்சிக்கு அதனால் ஒரு குறையுமில்லை.

ரப்பரை முதல் பத்து நிமிடம் பையிலேயே வைக்கச் சொல்லுங்கள். அழிக்கிற நேரத்தில் யாரும் டம்ளரைப் பார்ப்பதில்லை. கணக்கு ஆசிரியர் உங்கள் பீரியடைக் கடன் கேட்டு வருவார், அதுவும் பயிற்சியில் சேர்ந்ததுதான்.

வழிகாட்டி ஆசிரியரோடு வாதாட வேண்டாம். ஒவ்வொரு படத்திலும் தேதி போடச் சொல்லி, முதல் வாரத்து டம்ளரையும் கடைசி வாரத்து டம்ளரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அவரிடம் காட்டுங்கள். மதிப்பெண் போடும் நாளுக்கு முன்பே காட்டிவிடுவது நல்லது.